திண்ணையில் ஒரு நாள்: வீட்டுப்படிப்புக்கு ஒரு பழைய டைம்டேபிள்

(ஒலிபரப்பான எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

2020 ஏப்ரலை கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. பள்ளிக்கூடம் எல்லாம் மூடியாச்சு. அக்கா பையனோ, எதிர் வீட்டுப் பாப்பாவோ, ஒண்ணாவது ரெண்டாவது படிக்கிற பிள்ளைங்க எல்லாம் வீட்டுலயே. உடனே வாட்ஸ்அப்ல டைம்டேபிள் பறக்க ஆரம்பிச்சது. காலை 9 மணிக்கு கதை, 10 மணிக்கு கணக்கு, 11 மணிக்கு பருப்பு, பயறு எண்ணுதல், சாயங்காலம் படம் வரைதல். ஏதோ உலகத்துல முதல் தடவையா வீடு பள்ளிக்கூடமா மாறுதுங்கிற மாதிரி எல்லாரும் பேசினோம்.

புதுச்சேரியில உட்கார்ந்து அப்படிப் பேசுறது வேடிக்கைதான். இந்த ஊர்ல வீட்டு வாசலுக்குப் பள்ளிக்கூடம்னு பேர் இருந்த காலம் ரொம்பப் பழசு இல்ல. இன்னிக்கு எபிசோட் அதைப் பத்தித்தான். திண்ணைப் பள்ளிக்கூடத்துல ஒரு சின்னப் பிள்ளையோட ஒரு நாள் எப்படிப் போச்சு, அதுல நமக்கு எது வேணும், எது வேண்டாம்?

வீடா, தெருவா?

புதுச்சேரி வர்ற டூரிஸ்ட் எல்லாம் கடற்கரைப் பக்கம் மஞ்சள் சுவர் முன்னாடி போட்டோ எடுத்துட்டுப் போயிடுவாங்க. பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்தா தமிழர் பகுதி. அங்க வைசியாள் வீதியில நடந்து பாருங்க. வீட்டு முகப்பை எல்லாம் பழைய மாதிரியே சீர் செஞ்சதுக்கு 2008-ல யுனெஸ்கோ ஆசிய-பசிபிக் விருது கிடைச்ச தெரு அது. அந்த வீடுகள்ல ரெண்டு விஷயம் கவனிங்க. ஒண்ணு திண்ணை. இன்னொண்ணு தாழ்வாரம், அதாவது தெருப்பக்கம் தூண் வெச்சு இறக்கின கூரை. தெருவுல போற யாரும் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கலாம்.

திண்ணை வீட்டுக்காரரோட இடம்தான், ஆனா வீட்டுக்குள்ள இல்ல. தெருவுல இருக்கு, ஆனா தெருவும் இல்ல. வாத்தியார் ஒருத்தர் வந்து அங்க உட்கார்ந்தா அது பள்ளிக்கூடம். தனியா கட்டடம் வேண்டாம், பெஞ்சு வேண்டாம், கரும்பலகை வேண்டாம்.

1891-ல புதுச்சேரியில பிறந்த கனகசுப்புரத்தினம், அதாவது நம்ம பாரதிதாசன், முதல்ல படிச்சது திருப்புளிசாமி ஐயர்கிட்ட, இந்த மாதிரி திண்ணைப் பள்ளியிலதான். அதுக்கு அப்புறம்தான் கல்வே கல்லூரி எல்லாம். 1909-ல அவரே தமிழாசிரியரா வேலைக்குச் சேர்ந்து, 37 வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்துட்டு 1946-ல ஓய்வு பெற்றார்.

காலையிலிருந்து ராத்திரி வரை

இனி அந்த ஒரு நாள். இதை மூணு பேரோட எழுத்துல இருந்து கோத்திருக்கேன். ஒருத்தர் உ.வே.சா. 1855-ல பிறந்தவர், தஞ்சாவூர்ப் பக்கம் தான் படிச்ச திண்ணைப் பள்ளியை 'என் சரித்திரம்' நூல்ல விவரிக்கிறார். ரெண்டாவது, பெல்லாரி கலெக்டர் காம்ப்பெல், 1823-ல அனுப்பின அறிக்கை. மூணாவது, இங்க புதுச்சேரியில பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துல திண்ணைப் பள்ளிக் கணக்கை ஆராய்ஞ்ச செந்தில்பாபு.

விடிஞ்சு 6 மணிக்கெல்லாம் பள்ளி ஆரம்பம். பெல்லாரிப் பக்கம் ஒரு வழக்கம் இருந்ததை காம்ப்பெல் எழுதுறார். முதல்ல வர்ற பிள்ளையோட உள்ளங்கையில சரஸ்வதி பேரை எழுதுவாங்க. ரெண்டாவதா வந்தவனுக்கு ஒரு பூஜ்யம். நீ பாராட்டுக்கும் இல்ல, திட்டுக்கும் இல்லன்னு அர்த்தம். மூணாவது ஆளுக்கு மெல்லமா ஒரு பிரம்படி, நாலாவது ஆளுக்கு ரெண்டு. அப்படியே ஏறிக்கிட்டே போகும். பத்தாவதா வர்ற பையன் நிலைமையை யோசிச்சுப் பாருங்க!

அப்புறம் எழுத்து. புதுசா சேர்ந்த பிள்ளைங்க மணலைப் பரப்பி விரலால எழுதும். தப்பா எழுதினா உள்ளங்கையால ஒரு தடவு தடவினா போச்சு. காகிதச் செலவும் இல்ல, சிவப்பு மை வட்டமும் இல்ல. எழுத்து கைக்கு வந்த பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். சின்னவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறது பெரிய பையன், சட்டாம்பிள்ளை. வாத்தியார் எல்லாரையும் மேற்பார்வை பாப்பார்.

அடுத்து கணக்கு. 'எண்சுவடி'ங்கிற வாய்ப்பாட்டுப் புத்தகத்தை ஒருத்தன் ராகமா சொல்ல, மத்தவங்க திருப்பிச் சொல்லணும். அதுல பின்னம்தான் நம்மை அசர வைக்கும். முந்திரின்னா ஒண்ணை 320 பங்கு போட்டதுல ஒண்ணு. 4 முந்திரி சேர்ந்தா ஒரு காணி, 80-ல ஒரு பங்கு. 4 காணி ஒரு மா, 20-ல ஒரு பங்கு. 5 மா ஒரு கால். இதோட தானிய அளவு வேற: 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 2 உழக்கு ஒரு உரி, 2 உரி ஒரு நாழி, 8 நாழி ஒரு குறுணி, 12 குறுணி ஒரு கலம். அப்போ ஒரு கலத்துல எத்தனை நாழி? 96. இதை ஏழெட்டு வயசுப் பிள்ளை மனசுலயே போடும்.

வெறும் மனப்பாடம்னு ஒதுக்கிடத் தோணும். செந்தில்பாபு அப்படி ஒதுக்கல. நினைவுல வெச்சுக்கிறதே அங்க கத்துக்கிற முறை, அது கணக்குப் போடுறதுக்கான கருவின்னு காட்டுறார். அந்தக் கணக்கு இருந்த இடத்தைப் பாருங்க. அம்மா அரிசி அளக்கிற படியில, அப்பா கூலி வாங்கிட்டு வர்ற நெல்லுல, கடைத்தெரு தராசுல. காலையில பாடினதைப் பிள்ளை மத்தியானம் அடுக்களையிலயே பாத்துடும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது சாயங்காலம்தான். வீட்டுக்கு அனுப்பும்போது வாத்தியார் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பேர் சொல்லி அனுப்புவாராம். ஒருத்தனுக்கு ஒரு பூ, ஒருத்தனுக்கு ஒரு பறவை, இன்னொருத்தனுக்கு ஒரு ஊர். அதை ராத்திரி முழுக்க மறக்காம வெச்சிருந்து மறுநாள் சொல்லணும். உ.வே.சா. சொல்ற ஹோம்வொர்க் இவ்வளவுதான். ஒரே ஒரு சொல். ஆனா அதை மறுநாள் காலையில கேக்கிறதுக்கு நிச்சயமா ஒரு ஆள் காத்திருப்பார்.

எழும்பூர் மணல் பாரிஸ் போன கதை

இந்த முறையை வெளியில இருந்து பாத்து எடுத்துக்கிட்டவர் ஆண்ட்ரூ பெல். ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1789-ல எழும்பூர்ல படைவீரர்களோட பிள்ளைகளுக்கான அநாதை விடுதிப் பள்ளியை கவனிச்சுக்கிட்டிருந்தார். தமிழ்ப் பிள்ளைகள் மணல்ல எழுதுறதைப் பாத்துட்டு, தன் பள்ளியிலயும் மணலைக் கொட்டினார். எழுத்து சொல்லிக் கொடுக்க 8 வயசுப் பையனையே நியமிச்சார். இங்கிலாந்து திரும்பி 1797-ல அதைப் பத்தி எழுதி வெளியிட, 'மெட்ராஸ் முறை'ன்னே பேராகி பிரிட்டன் முழுக்கப் பரவுச்சு. மாணவர்களே மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற முறை 1815-க்குப் பிறகு பிரான்சுக்கும் போச்சு. புதுச்சேரியை ஆண்ட நாட்டுக்கே, பக்கத்து ஊர்த் திண்ணைப் பழக்கம் லண்டன் வழியா போய்ச் சேர்ந்திருக்கு.

அங்க அது நூத்துக்கணக்கான பிள்ளைகளுக்குக் குறைஞ்ச செலவுல பாடம் நடத்துற ஏற்பாடா மாறிடுச்சு. பெல் கொண்டு போனது மணலையும் சட்டாம்பிள்ளையையும். வீட்டு வாசலையும் படி அரிசியையும் கொண்டு போக முடியல.

திண்ணை மேல யார் ஏறலாம்?

இப்போ கசப்பான பகுதி. திண்ணைக்குக் கதவு கிடையாதுதான். ஆனா எல்லாராலயும் அதுல ஏறி உட்கார முடிஞ்சதா? சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல எல்லா மாவட்டத்துலயும் கணக்கெடுக்கச் சொன்னார். 1826-ல தொகுத்தப்போ பள்ளி, கல்லூரி எல்லாம் சேர்த்து 12,498. படிச்சவங்க 1,88,650 பேர். அதுல பெண்கள் வெறும் 4,540. தலித் பிள்ளைகளுக்கு மேல்சாதி வீட்டுத் திண்ணையில இடமே இல்ல.

அதே கணக்கெடுப்புல சென்னை நகரத்துல வீட்டுலயே படிக்கிறவங்கன்னு 26,000-க்கும் மேல ஒரு எண்ணிக்கை வந்தது. பள்ளிக்குப் போனவங்களைப் போல கிட்டத்தட்ட 5 மடங்கு. இதுல ஏதோ தப்பு இருக்கணும்னு மன்றோவே சந்தேகப்பட்டார். எண்ணிக்கை எதுவா இருந்தாலும், வீட்டுல வாத்தியார் வெச்சுப் படிக்க வீடும் காசும் வேணும்.

புதுச்சேரியில இந்தப் பூட்டை உடைக்க வேற ஆட்கள் வர வேண்டியிருந்தது. 1844-ல லூயி சவினியன் துப்புய் அடிகளார் இங்க ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். பெண் பிள்ளைகளுக்குப் படிப்பு சொல்லிக் கொடுக்கிறதுதான் அதோட முக்கிய வேலை. வீட்டுலயே படிப்பு நடந்த ஊர்ல, பெண் பிள்ளை படிக்கணும்னா வீட்டை விட்டு வெளிய வர வேண்டியிருந்துச்சு. திண்ணையை நினைச்சு ஏங்குறவங்க இதையும் சேர்த்து நினைக்கணும்.

மறுபடியும் 2020

அப்போ திண்ணை, இப்போ ஸ்மார்ட்போன். வீட்டுல ஒரே போன், அதுவும் வேலைக்குப் போற அப்பா கையில இருந்தா, அந்தப் பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு தெருவுல நின்னு எட்டிப் பாக்கிற திண்ணை மாதிரிதான். புதுச்சேரி அரசுப் பள்ளிகள்ல பெரிய வகுப்புகளுக்கு அப்போ தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். அதனால கல்வித் தொலைக்காட்சி இங்கயும் உதவுச்சு. ஆனா டிவி பாடம் சொல்லும், பிள்ளை சொல்றதைக் கேக்காது.

அந்தக் குறையைத்தான் அடுத்த வருஷம் தமிழ்நாடு அரசு பிடிச்சது. 2021 அக்டோபர் 27, 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கின நாள். தொடங்கின இடம் மரக்காணம் பக்கம் முதலியார்குப்பம். புதுச்சேரியில இருந்து ஈ.சி.ஆர்.ல கொஞ்ச தூரம்தான். 1 முதல் 8-ஆம் வகுப்பு வரைக்கும், சாயங்காலம் 5-ல இருந்து 7-க்குள்ள ஒண்ணரை மணி நேரம். சொல்லிக் கொடுத்தது அதே ஊர்த் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாசம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு. வீட்டு வாசல், மரத்தடி, கோயில் மண்டபம்னு கிடைச்ச இடத்துல வகுப்பு நடந்துச்சு. 200 வருஷத்துக்கு முன்னாடி திண்ணைக்கு வெளிய நின்ன வீட்டுப் பெண்கள் இப்போ நடுவுல உட்கார்ந்து பாடம் சொன்னாங்க.

அதனால வீட்டுப் படிப்புன்னு யாராவது டைம்டேபிள் அனுப்பினா நான் ரெண்டு விஷயம்தான் பாப்பேன். பிள்ளை சொல்றதைத் திரும்பக் கேக்க ஒரு ஆள் இருக்காரா? பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அதுல இடம் இருக்கா?

முயற்சி பண்ணிப் பாக்கணும்னா செலவே இல்லாத வழி ஒண்ணு இருக்கு. இன்னிக்கு ராத்திரி உங்க வீட்டுக் குட்டிக்கும், பக்கத்து வீட்டுக் குட்டிக்கும் ஆளுக்கு ஒரு பூ பேர் சொல்லி அனுப்புங்க. நாளைக்குக் காலையில மறக்காம கேளுங்க. கேக்கிறதை நீங்க மறந்துடாதீங்க, அதுதான் முக்கியம். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.