சரக்கு வண்டியின் எழுத்து

மாதிரிச் சரக்கு வண்டி செய்யும் நம் காலனிச் சிறுவர், முதலில் ஆண்டைத் தீர்மானித்தல் வேண்டும், வண்ணம் பிறகு. 1951 ஏப்ரல் 14 அன்று சென்னை-தென்மராட்டா, தென்னிந்திய, மைசூர் இரயில்வேக்கள் இணைந்து தெற்கு இரயில்வே ஆயின. அதற்கு முந்தைய தென்னிந்திய வண்டிக்கு ‘எஸ்.ஐ.ஆர்.’, பிந்தியதற்கு ‘எஸ்.ஆர்.’ ஒரே நாளில் எல்லா வண்டிகளுக்கும் புதிதாய் எழுத இயலுமோ? ஆகவே 1951ஆம் ஆண்டு மாதிரியில் பழைய எழுத்தும் குற்றமாகாது என்பது நம் துணிபு.

அவ்வெழுத்து அலங்காரமன்று. பிறர் பாதையில் தங்கிய வண்டிக்கு நாட்கணக்கில் வாடகையுண்டு. யார்டில் விளக்கொளியில் குமாஸ்தா குறித்துக்கொண்டது எழுத்தையும் எண்ணையுமே. செங்காவி நிறத்தின்மீது வெள்ளெழுத்து அதற்கு உதவிற்று. எஸ்.ஐ.ஆரில் உழைத்தோரின் பேரர் நம்மிடையே உளர். பாட்டனார் வண்டிக்குப் பிழையெழுத்துத் தகுமா?

இந்நாளைய வண்டிக்குப் பதினோரிலக்க எண்: வகைக்கு இரண்டு, உடைமை இரயில்வேக்கு இரண்டு, செய்த ஆண்டுக்கு இரண்டு, வரிசைக்கு நான்கு, சரிபார்ப்புக்கு ஒன்று. மெல்லிய தூரிகை தேவைப்படும்.