இறப்பர் மரமும் பங்கு விலையும்: களனிவெளித் தோட்டங்களின் வழியே ஊக வணிக வரலாறு

கேகாலை மாவட்டத்தின் தெரணியகலையைச் சூழ்ந்த தேயிலை, இறப்பர் தோட்டங்கள் களனிப் பள்ளத்தாக்கை, அதாவது களனிவெளியை, சேர்ந்தவை. இத்தகைய தோட்டக் கம்பனிகளின் பங்குகள், அரசுடைமைக் கால இடைவெளி நீங்கலாக, நூறாண்டுக்கு மேலாகச் சந்தையில் விலைபோகின்றன. சிறு கம்பனிகளின் பங்கு விலையை யாரோ ஆட்டிவைக்கிறார்கள் என்ற சந்தேகமும் அவற்றோடு சேர்ந்தே வந்திருக்கிறது. கைமாறும் பங்கு குறைவாகவும், கம்பனியின் உண்மை நிலை சிலருக்கு மட்டும் தெரிந்ததாகவும் இருந்த காலங்களிலேயே அச்சந்தேகம் வலுத்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1. குடியேற்றக் காலம்

பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு மூலதனம் திரட்டவே 1896 இல் கொழும்புப் பங்குத் தரகர் சங்கம் வியாபாரத்தைத் தொடங்கியது. 1903 இல் களனிவெளி ரயில் பாதை இப்பள்ளத்தாக்கிலுள்ள எட்டியாந்தோட்டையை எட்டியது. 1910 ஏப்ரலில் லண்டனில் இறப்பர் விலை இறாத்தலுக்கு 12 ஷில்லிங்கைத் தாண்டியபோது, இரண்டு ஷில்லிங் முகப்பெறுமதியுள்ள பங்குகளைச் சிறு முதலீட்டாளர்களும் முண்டியடித்து வாங்கினர். இறப்பர் மரம் பால் வெட்டுக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் செல்லும். ஆகவே அன்று பல பங்குகள் இன்னும் பால் தராத மரங்களின் பேரில் விலை ஏறின. தோட்டத்தைக் கண்ணால் பாராத வாங்குநருக்கு, கம்பனி அமைப்பாளரின் விவர அறிக்கையே ஆதாரம். 1921 இல் இறப்பர் ஒரு ஷில்லிங்குக்கும் கீழே இறங்கியிருந்தது.

2. அரசுடைமையும் தனியார்மயமும்

1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானதும் கொழும்புச் சந்தை தன் பிரதான சரக்கை இழந்தது. 1992 இல் பிரதேசப் பெருந்தோட்டக் கம்பனிகள் உருவாகின. பின்னர் அவை தனியார்மயமானபோது பொது வடிவம் இதுதான்: 51 வீதம் முகாமை செய்யும் நிறுவனத்துக்கு, 20 வீதம் பொதுமக்களுக்கு, 10 வீதம் தொழிலாளருக்கு இலவசமாக, எஞ்சியது அரசுக்கு. நிலம் அரசுடையது, கம்பனிக்கு இருந்தது குத்தகை உரிமையே.

இந்தப் பங்கீட்டில் இரு விளைவுகள் அடங்கியிருந்தன. பால் வெட்டுபவரும் கொழுந்து பறிப்பவரும் பெயரளவில் பங்குதாரர் ஆயினர். மறுபுறம், பெரும்பான்மைப் பங்கு ஒரே கையில் முடங்கியதால் நாளாந்தம் கைமாறக்கூடியவை சொற்பம். சொற்பப் பங்கின் விலையை உயர்த்தச் சொற்பப் பணமே போதும்.

3. 2009–2012 சந்தை எழுச்சி

போர் முடிந்த 2009 இல் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் ஏறத்தாழ 125 வீதமும், 2010 இல் 96 வீதமும் உயர்ந்தது. உழைப்பே இல்லாத கம்பனிகளின் பங்குகள்கூடப் பன்மடங்காயின. சந்தேகிக்கப்பட்ட முறை இதுதான்: தொடர்புடைய சில கணக்குகள் தமக்குள்ளேயே வாங்கி விற்றுப் பரபரப்பைக் காட்டும், கம்பனி கைமாறப்போகிறது என்ற கதை பரவும், தரகரிடம் கடன்பட்டுச் சிறு முதலீட்டாளர் நுழைவர், முன்னவர் விற்று வெளியேறுவர்.

பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு தரகர் கடனைக் கட்டுப்படுத்தி, விசாரணைகளைத் தொடங்கியது. விலை சரிந்ததும் ஒரே சரிவுக்கு இரு விளக்கங்கள் எழுந்தன. சூழ்ச்சியின் நுரை வடிந்தது என்றனர் ஒருசாரார். கட்டுப்பாடே சந்தையைக் கெடுத்தது என்றனர் முதலீட்டாளர் பலர். 2011 டிசம்பரில் ஆணைக்குழுத் தலைவர் இந்திராணி சுகததாசவும், 2012 ஆகஸ்டில் அவருக்குப் பின் வந்த திலக் கருணாரத்னவும் பதவி விலகினர். விசாரிக்கப்பட்டோரின் அழுத்தம் பற்றிப் பின்னவர் வெளிப்படையாகவே பேசினார்.

4. மதிப்பீடு

சந்தேகம் குற்றத்தை நிறுவாது. விலை ஏற்றத்தில் சூழ்ச்சி எவ்வளவு, கூட்டத்தின் ஆசை எவ்வளவு என்று பிரிப்பது கடினம். குற்றவியல் வழக்குக்குத் தேவையான நிரூபணம் இன்னும் கடினம். ஆணைக்குழுவுக்கான 1987 சட்டத்துக்குப் பதிலாக வந்த 2021 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் சிவில், நிர்வாகத் தண்டனைகளுக்கும் வழிவகுத்தது இதனால்தான். எனினும் தண்டனை பின்விளைவையே தொடும். கைமாறும் பங்கு பெருகி, கம்பனிச் செய்தி தமிழும் சிங்களமும் மட்டுமே வாசிக்கும் பங்குதாரரையும் பெருமுதலீட்டாளரையும் ஒரே நாளில் எட்டினாலே மூலகாரணம் குறையும்.