கருங்கல் கரை பிறந்த கதை

காசிமேட்டைத் தாண்டி எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகிறவர்களுக்கு வலப்பக்கம் கடல் தெரியும், மணல் தெரியாது. சாலையோரம் நெடுக ஆளுயரக் கருங்கற்கள் கொட்டிக் கிடக்கும். இந்தக் கல் எப்போது வந்தது என்று கேட்டால் கதை 1875க்குப் போகிறது.

அதுவரை சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். கயிற்றால் தைத்த மசூலா படகுகள்தான் ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரைசேர்க்கும். 1861இல் ஓர் இரும்புப் பாலம் போட்டார்கள், போதவில்லை. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் வந்து அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார். கரையிலிருந்து இரண்டு சுவர்கள் கடலுக்குள் நீண்டன. 1881 நவம்பர் புயல் அவற்றைச் சிதைத்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள்.

புயலுக்குத் தாங்கும்படி கட்டியவர்கள் மணலுக்கு வழி விடவில்லை. இந்தக் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை, நடக்கும். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைச் சென்னை மீனவர்கள் தெண்டி என்பார்கள்; எதிர்த்திசையில் ஓடுவது வன்னி. ஆண்டின் பெரும்பகுதி தெண்டிதான். அது வடக்கே தள்ளிக்கொண்டு போன மணல் புதுச் சுவரில் முட்டி நின்றது. தெற்கே கரை அகலமானது. ஒருகாலத்தில் கோட்டையின் கிழக்குச் சுவரருகே அலையடித்த ஊரில், 1884இல் கவர்னர் கிராண்ட் டஃப் உலாவுவதற்குச் சாலை போட்டு மெரினா என்று பெயரும் வைத்தார். மணல் வரத்து நின்ற வடக்கே, இருந்ததையும் கடல் எடுத்துக்கொண்டது. மெரினாவில் சுண்டல் தின்றபடி நாம் மிதிக்கும் மணலில் பாதி ராயபுரத்துக்குப் போகவேண்டியது என்று சொன்னால் மிகை என்பார்கள், பெரிய மிகையில்லை.

வீடுகளும் சாலையும் போகத் தொடங்கியதும் கல்லைக் கொட்டினார்கள். கல் சாலையைக் காத்தது, உண்மை. ஆனால் படகை ஏற்ற மணல் வேண்டும், கரைவலை இழுக்க மணல் வேண்டும், வலையை விரித்து உலர்த்தவும் மணல்தான் வேண்டும். திருச்சினாங்குப்பத்திலும் ஒண்டிக்குப்பத்திலும் வாசலில் கடல் இருக்க, படகைக் கட்ட இடம் தேடிப் போகவேண்டியதாயிற்று.

அடுத்து வந்தவை தூண்டில் வளைவுகள். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் இந்தக் கல்வரிசைகளின் தென்புறம் கொஞ்சம் மணல் சேரும், வடபுறம் அரிக்கும். அதனால் ஒரு குப்பத்துக்குப் போட்டால் அடுத்த குப்பமும் கேட்கும். கேட்பதில் தப்பில்லை. இப்படியே அரிப்பு வடக்கே நகர்ந்தது. 2001இல் எண்ணூரில் இன்னொரு துறைமுகம் திறந்தார்கள், பிறகு காட்டுப்பள்ளியில் ஒன்று. அவற்றுக்கும் வடக்கே இருப்பது பழவேற்காடு.

விசாகப்பட்டினத்திலும் துறைமுகம் மணலை மறித்தது. அங்கே தடுப்புக்குத் தெற்கே சேரும் மணலைத் தூர்வாரி, வடக்கேயுள்ள கடற்கரையில் கொட்டுகிறார்கள். செலவுள்ள வேலை, நிறுத்தாமல் செய்யவேண்டிய வேலை. வடசென்னைக்கு இனி ஒரு லோடு கல் அனுப்புமுன் அந்தக் கணக்கையும் அரசு போட்டுப் பார்க்கட்டும்.