உடைந்த வளையல், ஓட்டை சைக்கிள்... குப்பையில் பிறந்த 'ராக் கார்டன்'!

பழைய சைக்கிள் சீட் ஒன்றைக் கழற்றி, மூக்கு கீழே வருவது மாதிரி பிடிச்சுப் பாருங்க. மாட்டு முகம் தெரியுதா? 1942-ல் பிகாசோவுக்குத் தெரிஞ்சது. மேலே ஒரு ஹேண்டில்பாரைக் கொம்பாக வெச்சார், 'காளைத் தலை' ரெடி. இன்னிக்கு அது பாரிஸ் மியூசியத்துல இருக்கு.

நம்ம ஊர் கதை இதைவிட செம. 1924-ல், இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் ஒரு கிராமத்தில் பிறந்தவர் நேக் சந்த். பிரிவினையில் ஊரை இழந்து வந்தவருக்கு, சண்டிகரில் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர் வேலை. புதிய நகரம் கட்டுவதற்காகப் பழைய கிராமங்களை இடித்துக்கொண்டிருந்த நேரம் அது. உடைந்த பீங்கான், டைல்ஸ், வளையல் துண்டு என்று கிடைத்ததையெல்லாம் சைக்கிளில் அள்ளிக்கொண்டு போய், சுக்னா ஏரிக்குப் பக்கத்துக் காட்டில் 1957 முதல் சேர்த்தார். கட்டடமே கட்டக் கூடாத அரசு நிலம் அது. தெரிஞ்சா வேலை போயிடும். அதனால் ஆபீஸ் முடிந்த பிறகு, இரவில்தான் சிற்ப வேலை. 18 வருஷம் இப்படியே ஓடியது!

1975-ல் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது அங்கே நூற்றுக்கணக்கான சிலைகள் நின்றன. சட்டப்படி இடித்திருக்க வேண்டும். மக்கள் ஆதரவு காப்பாற்றியது. 1976-ல் 'ராக் கார்டன்' பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அவருக்குச் சம்பளமும் உதவிக்கு 50 ஆட்களும் கிடைத்தார்கள். 1984-ல் பத்மஸ்ரீ. 2015-ல் அவர் மறைந்தார். ஆனாலும் ஆபத்து தீரவில்லை. 2025 மார்ச்சில், உயர் நீதிமன்றச் சாலையை அகலப்படுத்த தோட்டத்துச் சுவரின் ஒரு பகுதியை இடித்துவிட்டார்கள்.

டெல்லியில் 2019-ல் திறந்த 'வேஸ்ட் டு வொண்டர்' பூங்காவும் ஃபேமஸ்தான். 150 டன் பழைய இரும்பில் தாஜ்மகால், ஈபிள் கோபுரமெல்லாம் நிற்கிறது. செல்ஃபிக்கு ஓகே. ஆனா அங்கே உருவத்தை முதலில் முடிவு பண்ணிட்டு, இரும்பை அதுக்குள்ள திணிச்ச மாதிரி இருக்கு. நேக் சந்த் பண்ணது நேர் எதிர். சைக்கிள் ஃபோர்க் விலங்குக்குக் காலாகும், வளையல் துண்டு நடனப் பெண்ணுக்குப் பாவாடையாகும். பொருள்தான் உருவத்தைச் சொல்லும்.

அப்படிப் பார்த்தா, தறி சத்தம் கேட்கிற செவிலிமேட்டுல பொருளுக்கா பஞ்சம்? உடைந்த நாடா, தார்க்குச்சி, தேய்ந்துபோன ஜக்கார்டு அட்டை... நுனி கூரான நாடாவைப் பார்த்தா எனக்கு மீன்தான் ஞாபகம் வருது!

செய்முறை சிம்பிள். பழைய கம்பியை வளைத்து எலும்புக்கூடு கட்டுங்க. மேலே கோழி வலை சுற்றி, ஒரு பங்கு சிமென்ட், மூன்று பங்கு மணல் கலவையை அப்புங்க. ஈரம் காயறதுக்குள்ள துண்டுகளைப் பதிச்சிடணும். வளையலின் கூர்முனை உள்ளே போகணும், இல்லேன்னா தொடுறவங்க கையைக் கிழிக்கும். அடுத்த நாளிலிருந்து ஒரு வாரம் தண்ணீர் தெளிங்க. இதை விட்டா வெடிப்பு விடும். சிமென்ட் தோலைப் புண்ணாக்கும், கிளவுஸ் கட்டாயம். செம்புக் கம்பிக்காக ஒயரைக் கொளுத்தாதீங்க, அந்தப் புகை விஷம். பழைய போன் பேட்டரியையும் பிரிக்க வேண்டாம் பாஸ், தீப்பிடிச்சுக்கும்.