அஞ்சடி முதல் இணையம் வரை

1786இல் பிரான்சிஸ் லைட் ஜார்ஜ் டவுனுக்கு அடிக்கோலினார். அங்குக் குடியேறிய சூலியா வணிகர் துணியும் மளிகையும் விற்றனர். பினாங்குத் தெருக் கிட்டங்கிகளில் செட்டியார்கள் பாய் விரித்துப் பேரேடு எழுதினர். முதலினும் முகமறிதலே பெரிதாயிருந்த வணிகம் அது. கடன் கொடுத்தவரும் கொண்டவரும் மறுநாளும் அதே அஞ்சடியில் எதிர்ப்பட வேண்டியவர்கள் அல்லரோ!

நீரிணையின் மறுகரையில், பட்டர்வொர்த்தையொட்டிய மாக் மண்டின் 1960களில் தொழிற்பேட்டையாக வளர்ந்தது. ஆலைச் சம்பளமே குடும்பங்கள் பலவற்றின் பிடிமானமாயிற்று. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தபோது, நாடெங்கும் இத்தகைய பிடிமானங்கள் ஆட்டங்கண்டன. முறுக்கும் ஊறுகாயும் கைப்பேசி வழியே விலைபோகத் தொடங்கின.

கடை வாடகை இல்லை; ஆயின் கடமை உண்டு. 1956ஆம் ஆண்டுத் தொழிற்பதிவுச் சட்டப்படி, தொடங்கிய 30 நாள்களுக்குள் தொழிலைப் பதிதல் வேண்டும். 2013 ஜூலையில் நடப்புக்கு வந்த மின்வணிக விதிகளோ, விற்பவர் தம் பெயர், பதிவெண், முழு விலை, பொருள் வந்துசேரும் காலம் ஆகியவற்றை வெளிப்படக் காட்டுமாறு பணித்தன. அஞ்சடியில் முகம் தந்த உறுதியைச் சட்டத்தால் ஈடுசெய்ய முயன்றனர் எனலாம்.

புதியவர் இடறுவது வேறிடத்தில். அடக்கவிலையில் மாவையும் எண்ணெயையும் சேர்ப்பர். பொட்டலச் செலவையும் அஞ்சற் கூலியையும் விற்பனைத் தளம் பிடித்துக்கொள்ளும் தரகையும் மறப்பர். தம் உழைப்பையோ எண்ணவே எண்ணார். விற்க விற்க நட்டம் ஏறும், ஏறுவதும் தெரியாது. கிட்டங்கியில் நாள்வழி வேறு, பேரேடு வேறு. கைப்பேசிக் கடைகள் பலவற்றில் வீட்டுச் செலவும் விற்பனைப் பணமும் ஒரே வங்கிக்கணக்கில் கலந்து கிடக்கின்றன.