தேசிங்கின் தேவி: தெரிவும் தீயும்

செஞ்சிக்கு வருவோர் பெரும்பாலும் இராசகிரியின் உச்சியை நோக்கியே விரைகின்றனர். அடிவாரத்துச் செட்டிக்குளக் கரையிலுள்ள மேடையருகே நின்று பார்ப்போர் சிலரே. தேசிங்குராசன் எரியூட்டப்பெற்றதும், அவனுடைய இளந்தேவி உடன்கட்டை ஏறியதும் அவ்விடத்தில்தான் என்பது மரபுவழிச் செய்தி.

1698இல் முகலாயர் கைப்பற்றிய இக்கோட்டையைப் புந்தேல இராசபுத்திரனான சரூப்சிங் நிருவகித்து வந்தான். 1714இல் அவன் மறைந்தபின் மகன் தேஜ்சிங் பொறுப்பேற்றான். மக்கள் நாவில் இவனே தேசிங்கு. கப்பப் பாக்கி கேட்ட ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானுடன் மூண்ட போரில், அதே ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் மாண்டான். அப்போது அவனுக்கு வயது 22 என்பர்.

கதைப்பாடல் இவனை மறக்கவில்லை. இவன் ஏறிய குதிரைக்குக்கூட பாராசாரி என்று பெயருண்டு. தேவியையோ ‘ராணிபாய்’ என்பர். அது பட்டமேயன்றிப் பெயரன்று. அவள் நினைவாக நவாபு அமைத்ததாகக் கூறப்படும் ராணிப்பேட்டையிலும் பட்டமே நிற்கிறது. அவள் சொன்ன சொல் என்று நம்பத்தக்கதாக எதுவும் எஞ்சவில்லை. ஆயினும் அவள் விரும்பியே தீப்புகுந்தாள் என்று ஐயமின்றிக் கூறுவோர் பலர்!

இவ்விடத்தில் புறநானூற்றின் 246ஆம் பாடல் நினைக்கத்தக்கது. பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு தன் வாயாலேயே பேசுகிறாள். சான்றோர் அவளை ஏவவில்லை, தடுக்கின்றனர். அவள் மறுக்கிறாள். ஆகவே இது தன்விருப்பமே எனலாம். ஆனால் அவள் கூறும் காரணத்தையும் கேட்க வேண்டும். நெய் நீங்கிய உணவு, பிழிந்தெடுத்த பழஞ்சோறு, வேளைக்கீரை, பாயில்லாப் பருக்கைக்கல் படுக்கை என்று கைம்மை வாழ்வை எண்ணிக் காட்டிவிட்டே தீயை ஏற்கிறாள். கல்லையும் தீயையும் முன்வைத்து ஒன்றைத் தெரிந்துகொள்ளச் சொல்லும் சமூகம், அத்தெரிவைக் கற்பு என்றும் புகழ்ந்துகொள்கிறது. பாடலைக் கற்பிப்போர் ‘கற்பின் திண்மை’ என்ற ஒரே தொடரில் இதனைக் கடந்துவிடுவது வருந்தத்தக்கது.

வேறு வழியே இருந்ததில்லையா? செஞ்சித் தேவிக்கு ஒரு தலைமுறை முன்னர், 1682இல் சொக்கநாத நாயக்கர் மறைந்தபோது மங்கம்மாள் தீப்புகவில்லை. 1689இல் மகனையும் இழந்து, பேரன் சார்பில் ஏறத்தாழ 17 ஆண்டுகள் மதுரையை ஆண்டாள். எனினும் அவளுக்கும் கைம்பெண் என்ற நிலையில் அவ்வுரிமை கிட்டவில்லை. அரசுக்கு உரியவனை வளர்ப்பவள் என்ற நிலையிலேயே கிட்டியது. பிள்ளையற்ற இளம்பெண்ணுக்கு அந்த வாயிலும் அடைபட்டிருந்தது.

1829இல் வங்காளத்திலும் 1830இல் சென்னை மாகாணத்திலும் உடன்கட்டை சட்டத்தால் தடுக்கப்பட்டது. சட்டம் தீயை அணைத்தது, பருக்கைக்கல்லைத் தொடவில்லை. 1856இன் மறுமணச் சட்டமும் ஏட்டளவிலேயே பெரிதும் நின்றது. 1987இல் இராசத்தானத்துத் தேவராலாவில் 18 வயதுப் பெண்ணொருத்தி கணவனின் சிதையில் மாண்டபோதும், ‘அவள் விருப்பம்’ என்ற அதே பழைய சொல் எழுந்தது. அதன் பின்னரே அச்செயலைப் போற்றுவதையும் குற்றமாக்கும் சட்டம் வந்தது.

தமிழகத்தில் கல்லுக்கும் தீக்கும் அப்பால் ஒரு வழியைத் திறந்தவர்களுள், தாமே இளமையில் கைம்மையுற்ற சகோதரி சுப்புலட்சுமி ஒருவர். 1911இல் பட்டம் பெற்ற அவர், மறு ஆண்டே சென்னையில் இளங்கைம்பெண்களுக்கு இல்லம் தொடங்கினார். தலைமழித்து மூலையில் அமர்த்தப்பட வேண்டியிருந்த சிறுமியர் அங்கே படித்து, ஆசிரியைகளாகத் தம் சொந்தப் பெயரோடு வெளியே வந்தனர்.