வெறி, பித்து, குற்றம்: ஒஷாவா வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

சங்கப் பாடல்களில் வேலன் ஆடும் வெறியாட்டு, தெய்வமேறிய நிலை. யாழ்ப்பாணப் பேச்சுவழக்கில் வெறி என்பது குடிமயக்கம். பொதுவழக்கில் அது கட்டுக்கடங்காச் சினம். ஒரே சொல் மூன்றையும் தாங்குகிறது. சட்ட வரலாறோ இவற்றைப் பிரித்தறிய முயன்ற வரலாறு. ரொறன்ரோவுக்குக் கிழக்கே, தமிழர் பலர் குடியேறிவரும் ஒஷாவா வட்டாரத்தில் அதன் தடங்களைக் காணலாம்.

ஒஷாவாவை அடுத்த விற்பியின் ஏரிக்கரையில் எழுந்த மருத்துவமனை, முதல் உலகப்போரின் இறுதியாண்டுகளில் படைவீரர்க்குப் பயன்பட்டு, 1919இல் மனநோயாளரை ஏற்றது. ஒன்ராறியோவில் அப்போது 1916ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் நடப்பில் இருந்தது. 1927இல் அது நீங்கி, அரசே மது விற்கும் முறை வந்தது.

குற்றவியல் சட்டம் குடியையும் மனநோயையும் வேறுவேறாகவே நடத்தியது. 1843இல் இங்கிலாந்தில் வகுக்கப்பட்ட மக்நாட்டன் விதிகள் சித்தம் கலங்கியோனுக்கு விலக்களித்தன. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டமும் அவ்விலக்கை ஏற்றது. தானே விரும்பிக் குடித்தவனுக்கு அதனை மறுத்தது. கனடாவில் 1992ஆம் ஆண்டுத் திருத்தம், மனநோயால் குற்றப்பொறுப்பு அற்றவரை மீளாய்வு வாரியத்தின் பொறுப்பில் விட்டது.

1994இல் டேவியோ வழக்கில், தன்னிலை முற்றும் இழந்த குடிமயக்கம் அரிதாக எதிர்வாதமாகலாம் எனக் கனடிய உச்சநீதிமன்றம் கூறியது. பெண்கள் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. மறு ஆண்டே நாடாளுமன்றம், வன்முறைக் குற்றங்களில் அவ்வாதத்தைத் தடுத்தது. 2022 மே மாதம் அத்தடை செல்லாதெனத் தீர்ப்பாயிற்று. அடுத்த மாதமே புதிய பிரிவு வந்தது: தன்னிலை இழக்கும் இடரை முன்னுணர்ந்து தவிர்க்கத் தவறியவர் பொறுப்பாளியே.

மருத்துவ ஆய்வும் இவ்வேறுபாட்டுக்குத் துணைநிற்கிறது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய மனநோயாளரை அமெரிக்காவில் பின்தொடர்ந்து, 1998இல் வெளிவந்த மக்ஆர்தர் ஆய்வின்படி, மது, போதைப்பொருள் சிக்கல் அற்ற நோயாளர், அச்சிக்கல் அற்ற அயலாரைவிட மிகுதியாக வன்செயலில் ஈடுபடவில்லை. அச்சிக்கல் இருந்தால் இரு சாராரிடமும் வன்செயல் மிகுந்தது.

அடிபட்ட பெண்ணிடம் 'வெறியில் செய்தான்' எனக் கூறுவது குற்றத்தை மறைக்கிறது. மனநோயாளர் யாவரையும் அஞ்சுவது நோயை மறைக்கச் செய்கிறது. முன்னதற்கு ஒஷாவா நீதிமன்றமும், பின்னதற்கு விற்பி மருத்துவமனையும் உரிய இடங்கள். இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கும்வரை, இரண்டின் பயனும் முழுமையாகக் கிட்டாது.